ஓசூர் சாலையில் மூன்று வழக்குகள்: பிறழ்வு என்று எதைச் சொல்வது?

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் நின்று நிம்ஹான்ஸுக்கு வழி கேட்டால் பதில் சுருக்கமாக வரும்: "ஓசூர் ரோட்டிலேயே நேராகப் போங்கள்." எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு, மடிவாளா கடந்தால் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இந்தியாவின் பெயர்பெற்ற மனநல மருத்துவமனை. வழியில், நாட்டின் எந்த நெடுஞ்சாலையையும் போலவே, மதுக்கடை உண்டு. குடியை நிறுத்தித் தருவதாகச் சொல்லும் பலகை உண்டு. ஆண்மைக் குறைவுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் மருந்து தருபவர் எந்தக் கிழமை எந்த லாட்ஜில் தங்குவார் என்று ரூம் நம்பரோடு சொல்லும் சுவரொட்டியும் உண்டு.

மனச்சிதைவு, போதை அடிமைத்தனம், பாலியல் கோளாறு மூன்றும் பிறழ்வு உளவியல் பாடநூல்களில் அடுத்தடுத்த அத்தியாயங்கள். ஆனால் இவற்றை ஒரே அட்டைக்குள் சேர்த்துக் கட்டியது எது? ஒருவரின் நடத்தையை 'நோய்' என்று சொல்ல என்ன ஆதாரம் வேண்டும்? கேள்வி பழையது; அதற்குச் சொல்லப்பட்ட பதில்களும் ஏராளம். அந்தப் பதில்களை இந்த மூன்று வழக்குகளிலும் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுவதாகத் தோன்றுகிறது. மூன்றும் நோய்ப் பட்டியலுக்குள் வந்தது மூன்று வெவ்வேறு வாசல்கள் வழியாக. ஒன்றுக்குச் செய்த வாதத்தை இன்னொன்றுக்குப் பொருத்தும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

சொல்லுக்குள் ஒரு கோட்பாடு

'பைத்தியம்' என்பது இன்று வசைச்சொல். அதன் வேரில் இருப்பதோ பித்தம். உடலில் பித்தம் மிகுந்தால் புத்தி தடுமாறும் என்ற மருத்துவக் கொள்கை அந்தச் சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது. அதே வேரிலிருந்து வந்த 'பித்தன்' என்ற பெயரால் சுந்தரர் சிவனையே அழைத்தார். பீடிப்பையும் பரவசத்தையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழிக்கு இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு அவ்வளவு அவசரமாகத் தேவைப்படவில்லை போலும்.

கோட்டைப் போட்டது நிறுவனங்கள். சென்னையில் 1794-ல் ஒரு காப்பகம் தொடங்கியது. பின்னாளில் அது கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்டது. பெங்களூரில் 1847-ல் தொடங்கிய காப்பகம் 1925-ல் மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1954-ல் அதனுடன் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. இரண்டும் இணைந்து 1974-ல் நிம்ஹான்ஸ் ஆயின. பெயர்கள் மரியாதையாக மாறிக்கொண்டே போனாலும் கேலி ஓயவில்லை. நோயின் பெயரிலிருந்து ஊரின் பெயருக்கு இடம் பெயர்ந்தது, அவ்வளவுதான். தமிழில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் விளக்கம் தேவையில்லை. வடக்கே ராஞ்சியின் காங்கேவுக்கும் ஆக்ராவுக்கும் இதே கதி. ஒரு பின்கோடே நோயறிதலாகிவிடும் நாட்டில் 'பிறழ்வு' என்பதை வெறும் கலைச்சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அளவுகோல்களும் அவற்றின் ஓட்டைகளும்

அரிதானது எதுவோ அது பிறழ்வு என்பது மிக எளிய பதில். நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பே இதைக் கவிழ்க்கப் போதும். (தமிழ்நாடு அந்தப் பன்னிரண்டில் உண்டு, நிம்ஹான்ஸ் இருக்கும் கர்நாடகம் இல்லை.) மனச்சிதைவும் அதையொத்த நோய்களும் கணக்கெடுத்த சமயத்தில் சுமார் 0.4 விழுக்காட்டினரிடம் இருந்தன. மதுச் சிக்கல் இருந்தவர்கள் 4.6 விழுக்காடு. புகையிலைக்கு அடிமையானவர்களோ ஐந்தில் ஒருவர். அரிதாக இருப்பதுதான் இலக்கணம் என்றால் புகையிலை நோய்ப் பட்டியலிலேயே வராது. அபூர்வமான கணித மேதை வந்துவிடுவார்.

ஊர் வழக்கத்தை மீறுவது பிறழ்வு என்பது அடுத்த பதில். இதன் ஆபத்து வெளிப்படை. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களுக்கு 'மந்தகதி மனச்சிதைவு' என்று பெயர் வைத்து மருத்துவமனையில் பூட்டினார்கள். சம்பந்தப்பட்டவருக்கே துன்பம் தருவது எதுவோ அது நோய் என்பது மூன்றாவது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மனச்சிதைவின் முதற்கட்டத்தில் பலர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார்கள். இளவயதுக் குடிகாரருக்கும் துன்பம் இருப்பதில்லை, இருப்பது அவர் மனைவிக்கு.

தாமஸ் சாஸ் 1961-ல் இந்தக் கட்டடத்தையே தள்ளிவிடப் பார்த்தார். மூளையில் புண் இருந்தால் அது மூளை நோய். இல்லாவிட்டால் அது வாழ்க்கைச் சிக்கல். 'மனநோய்' என்பது உருவகம் என்றார். மறுபக்கத்தில் ஜெரோம் வேக்ஃபீல்டு 1992-ல் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக் கட்டினார்: இயற்கை ஒரு வேலைக்காக அமைத்த உள்ளியக்கம் பழுதாகியிருக்க வேண்டும்; அந்தப் பழுதால் கேடும் விளைய வேண்டும். முதலாவது உண்மை பற்றியது, இரண்டாவது மதிப்பீடு பற்றியது. இதுவரை வந்த வரையறைகளில் பிடிமானம் உள்ளது இதுதான் எனலாம். அதன் பலவீனம் முதல் நிபந்தனையில் இருக்கிறது: மனத்தின் எந்த இயக்கம் எதற்காக அமைந்தது என்பது பல இடங்களில் ஊகமே.

இந்தியச் சட்டம் இந்தத் தத்துவச் சண்டைக்குள் இறங்காமல் ஒரு வேலி மட்டும் போட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஊரின் ஒழுக்க, சமூக, பண்பாட்டு மதிப்பீடுகளோடு ஒருவர் ஒத்துப்போகாததை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. அதே சட்டம் 2-ஆம் பிரிவில் மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைகளை மனநோய்க்குள் கொண்டுவருகிறது. இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தால் வேலி எங்கே முடிகிறது என்ற கேள்வி மறுபடி எழும்.

மனச்சிதைவு: ஆய்வுக்கூடம் இல்லாத நோய்

நோய் என்ற பெயருக்கு மிகப் பொருத்தமான வழக்கு இது என்று பெரும்பாலோர் ஒப்புவார்கள். யாரும் பேசாதபோது குரல் கேட்பது, தன் எண்ணத்தை யாரோ வெளியிலிருந்து செருகுவதாக உணர்வது, பேச்சின் கோவை அறுந்துபோவது ஆகியவற்றை வெறும் வழக்க மீறல் என்று ஒதுக்க இயலாது. ஆயினும் இன்றுவரை இதை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மருத்துவர் கேட்பதும், கூட வந்தவர் சொல்வதும்தான் சான்று.

எமில் கிரெப்ளின் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை இளமையிலேயே தொடங்கும் அறிவழிவு என்று கண்டார். போகப்போகச் சரிவுதான் என்பது அவர் கணிப்பு. ஆய்கன் பிளாய்லர் 1908-ல் அந்தப் பெயரை விட்டு 'ஸ்கிசோஃப்ரினியா' என்றார். சிந்தனையும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இணையாமல் பிளவுபடுவதை அவர் குறித்தார். அந்தப் 'பிளவு' தமிழ் சினிமாவில் ஒரே உடலில் இரண்டு ஆளாக மாறியதற்குப் பிளாய்லர் பொறுப்பல்ல. ஜப்பான் 2002-ல் இந்த நோயின் பெயரையே மாற்றியது. தென்கொரியாவும் பிறகு மாற்றியது. தமிழில் 'சிதைவு' நிலைத்துவிட்டது. கிரெப்ளினின் அவநம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் வந்து குடியேறியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காரணம் குறித்த நிலைப்பாடுகளில் உயிரியல் தரப்புக்கு வலுவான சான்றுகள் உண்டு. அதன் ஒரு கிளைக்கதை இந்தியாவில் நடந்தது. 1931-ல் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேர் மூர்க்கமான மனநோயைத் தணிப்பதாக எழுதினார்கள். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு பாரிஸில் குளோர்புரோமசின் மனநோயாளிகளுக்குத் தரப்பட்டது. இம்மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்று தேடப் போய்த்தான் டோப்பமின் கொள்கை உருவானது. 2014-ல் வெளிவந்த பெரும் மரபணு ஆய்வு நோயோடு தொடர்புடைய 108 இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும் மற்றவருக்கு வராமலே போவது சகஜம். ஆக, மரபு மட்டும் காரணமல்ல.

இந்தியா இந்த விவாதத்துக்குள் பெரிதாக நுழைந்தது காரணத்தின் வழியாக அல்ல, விளைவின் வழியாக. உலக சுகாதார நிறுவனம் 1960-களில் தொடங்கிய ஒன்பது நாட்டு ஆய்வில் ஆக்ரா ஒரு மையம். அடுத்த ஆய்வில் சண்டிகர் சேர்ந்தது. இரண்டிலும் வந்த முடிவு ஐரோப்பிய மருத்துவர்களைத் திகைக்க வைத்தது: ஏழை நாடுகளின் நோயாளிகள் பணக்கார நாடுகளைவிட நன்றாகத் தேறினார்கள். கூட்டுக் குடும்பம், வயல்வேலையின் நெகிழ்வு, நோயை விதியாகவோ பேயாகவோ பார்த்து ஆளைக் குற்றம் சொல்லாத மனப்பான்மை என்று விளக்கங்கள் குவிந்தன. காலப்போக்கில் இது பாடநூல் வாசகமாகவே ஆகிவிட்டது.

அதை 2008-ல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், சென்னையின் ஆர்.தாரா, நைஜீரியாவின் குரேஜே ஆகியோர் வெளிப்படையாகக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். பல நாடுகளின் தொடர் ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் படம் அவ்வளவு சீராக இல்லை என்றார்கள். தாராவின் சொல்லுக்கு இங்கே தனி எடை உண்டு. சாரதா மேனன் 1984-ல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பில் அவர் நடத்திய 'மெட்ராஸ் தொடர் ஆய்வு', 1980-களின் தொடக்கத்தில் முதன்முறை நோய்வாய்ப்பட்ட 90 பேரைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தது. பெரும்பாலோர் நல்ல தேற்றம் கண்டார்கள், வேலைக்குப் போனார்கள், மணமும் செய்துகொண்டார்கள் என்பது அதன் ஒரு பக்கம். தற்கொலை உட்பட இளவயது மரணங்கள் இன்னொரு பக்கம்.

திருமணம் என்று வரும்போது 'நல்ல தேற்றம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நோயைச் சொல்லாமலோ, 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று நம்பியோ முடித்துவைக்கும் மணங்கள் கணக்கில் ஒரு வெற்றியாகப் பதிவாகின்றன. அதே ஸ்கார்ஃப் குழு பின்னர் மணமுறிந்த பெண் நோயாளிகளை ஆராய்ந்தபோது, முறையான விவாகரத்தோ ஜீவனாம்சமோ இல்லாமல் தாய்வீட்டில் விடப்பட்டவர்களே கண்ணில் பட்டார்கள். சட்டமும் இந்தப் பெயரை நேரடியாகத் தொடுகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் விவாகரத்துக்கான காரணங்களில் ஸ்கிசோஃப்ரினியாவைப் பெயர் சொல்லியே சேர்த்தது. 1988-ல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தப் பெயர்ச்சீட்டு ஒட்டியிருப்பது மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு நோய் முற்றியிருப்பதை நிரூபிக்க வேண்டும் என்றது. நோயின் பெயருக்கும் நோயின் அளவுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு பல மருத்துவக் கையேடுகளைவிடத் தெளிவாகப் பிடித்துவிட்டது.

கோவில், தர்கா பற்றிய நிலைப்பாடுகளும் இப்படித்தான் இரண்டாகப் பிரிகின்றன. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் குழுவினர் 2002-ல், திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரின் முத்துசுவாமி கோவிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்தார்கள். மருந்து இல்லை, விசேடச் சடங்கும் இல்லை; கோவில் வேலை செய்துகொண்டு சராசரியாகச் சில வாரம் தங்கினார்கள், அவ்வளவே. நோய்க்குறி அளவீடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதன்மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001 ஆகஸ்ட் 6 விடியலில், ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இந்த இரண்டு செய்திகளில் எதை முதலில் சொல்கிறார் என்பதை வைத்தே எழுதுபவரின் சார்பை ஓரளவு ஊகித்துவிடலாம். இரண்டுமே தமிழ்நாட்டின் உண்மைகள்.

குடி: பலவீனமா, பழக்கமா, மூளை நோயா?

'குடிகாரன்' என்பது பழி; 'குடிநோயாளி' என்பது வாதம். இரண்டாவது சொல்லைத் தமிழில் பரப்பியதில் மறுவாழ்வு மையங்களுக்குப் பெரும் பங்குண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் அவற்றில் முன்னோடி. ஒழுக்கக்கேடு என்ற பார்வைக்கு எதிராக நோய் என்ற பார்வையை ஜெல்லினெக் 1960-ல் நூலாக எழுதியிருந்தார். 1997-ல் ஆலன் லெஷ்னர், போதை அடிமைத்தனம் மூளை நோய் என்று அறிவித்தார். அளவுக்கு மீறிய பயன்பாடு மூளையின் வெகுமதிச் சுற்றுகளையே மாற்றிவிடுவதால் விருப்பம் என்ற பேச்சுக்கே இடம் குறைகிறது என்பது அவர் தரப்பு.

இதை உடனே தலையாட்டி ஏற்க முடியாமல் தடுப்பது லீ ராபின்ஸின் ஆய்வு. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பியபின் என்ன ஆனார்கள் என்று 1970-களில் அவர் பின்தொடர்ந்தார். மிகச் சிலரே மறுபடி அடிமையானார்கள். மூளை அதே மூளை. மாறியது இடமும் ஆட்களும். இதைக் கொண்டு மறுதரப்பு, அடிமைத்தனம் என்பது சூழலுக்குள் ஊறிய பழக்கம், வாழ்க்கை மாறினால் பலர் தாமே வெளிவருகிறார்கள் என்கிறது. இத்தரப்பின் பலவீனமும் கண்முன்னே இருக்கிறது: எல்லோராலும் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள முடிவதில்லை, உடல் பழகிப்போனவருக்கு நிறுத்துவதே ஆபத்து.

அந்த ஆபத்தை 2020 மார்ச் பெங்களூருக்குக் காட்டியது. ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடின. காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு 'கட்டிங்' போட்டே பழகியவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பும், இல்லாததைக் காணும் பிதற்றலும் வந்தன. நகர மருத்துவமனைகளுக்கு அவ்வகையில் வந்தவர்களின் அன்றாட எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டித்ததை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கேரள அரசு மருத்துவர் சீட்டின் பேரில் மது தரலாம் என்று ஆணையிட்டது. ஏப்ரல் 2 அன்று அம்மாநில உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. மதுவை மருந்தாக எழுதித் தர மருத்துவர்கள் மறுத்தார்கள். 'நோய்' என்ற வாதத்தை அதன் கடைசிப் படிவரை இழுத்துப் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தச் சில நாட்கள் நல்ல பாடம்.

மூளை, ஒழுக்கம் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தவர்களும் உண்டு. நிம்ஹான்ஸின் விவேக் பெனகல் குழுவினர் 2000-ல் வெளியிட்ட கர்நாடக ஆய்வில், குடிநோய்க்குச் சிகிச்சை பெற வந்த 113 பேரின் சராசரி மாத வருமானம் சுமார் 1,660 ரூபாய். அவர்கள் மதுவுக்குச் செலவிட்டது மாதம் சுமார் 1,940 ரூபாய். வருமானத்தைவிடச் செலவு 280 ரூபாய் கூடுதல். மாதத்தில் பல வேலை நாட்களும் பறிபோயின. அந்த 280 ரூபாய் எங்கிருந்து வந்தது? கடன், மனைவியின் கூலி, பிள்ளை படிப்பை விட்டுப் போன வேலை. பிறழ்வு உளவியல் நோயை ஒரு தலைக்குள் தேடுகிறது; அதன் வரவு செலவோ வீடு முழுவதும் பரவிக் கிடக்கிறது. இந்த நோக்கில் பார்ப்பவர்கள் விற்பனையைக் கேட்பார்கள், வரியைக் கேட்பார்கள். கர்நாடகம் 2007 ஜூலையில் சாராய விற்பனையைத் தடை செய்தது. மற்ற மது வகைகளின் விற்பனை தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை வியாபாரியே அரசுதான். நோயை விற்பதும் மறுவாழ்வுக்குச் செலவிடுவதும் ஒரே கஜானா என்பதை எந்த மூளைப் படமும் காட்டாது.

எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்திலிருந்து இந்த அத்தியாயத்துக்கு ஒரு புதுப் பின்னிணைப்பு வந்திருக்கிறது. நிம்ஹான்ஸ் 2014-ல் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே 'ஷட்' என்ற பெயரில் தனிப் பிரிவு தொடங்கியது. 2022-ல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய் வகைப்பாடு விளையாட்டுக் கோளாற்றை ஏற்றுக்கொண்டது. உள்ளே போகும் பொருளே இல்லாமல் அடிமைத்தனம் சாத்தியமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 14 மணி நேரம் திரைமுன் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவரை உழைப்பாளி என்றும், அதே 14 மணி நேரம் விளையாடும் அவர் மகனை நோயாளி என்றும் சொல்ல வேண்டியிருப்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

பாலியல்: அச்சமே நோயாகும் இடம்

சுவரொட்டியில் தொடங்கினால் இது எளிதில் விளங்கும். 'சொப்பன ஸ்கலிதம்', 'கைப்பழக்கம்', 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொற்களை ஒரு பதினெட்டு வயதுப் பையன் முதன்முதலில் படிப்பது பேருந்து நிலையச் சுவரில்தான். எத்தனையோ துளி ரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்து ஆகிறது என்ற நம்பிக்கை அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏழு தாதுக்களில் கடைசியானது சுக்கிலம் என்னும் ஆயுர்வேதக் கருத்தின் நீட்சி அது. அசதி, மறதி, முதுகுவலி எல்லாவற்றுக்கும் அவன் இதையே காரணமாக்குகிறான். என்.என்.விக் 1960-ல் இதற்குத் 'தாது நோய்த்தொகுப்பு' என்று பெயரிட்டார். பன்னாட்டு வகைப்பாடு இதைப் பண்பாட்டைச் சார்ந்த கோளாறாகக் குறித்தது.

'கீழை நாட்டு நோய்' என்ற அந்த முத்திரையைச் சுமதிபால, சிறிபத்தன என்ற இலங்கை மருத்துவர்கள் தினேஷ் புக்ராவோடு சேர்ந்து 2004-ல் கேள்வி கேட்டார்கள். சுவிட்சர்லாந்தின் டிஸ்ஸோ 18-ஆம் நூற்றாண்டில் சுய இன்பம் உடலைக் கரைத்துவிடும் என்று எழுதிய நூல் ஐரோப்பா முழுதும் விற்றது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கும் விந்திழப்புக்கு வைத்தியம் நடந்தது. அங்கே அது மறைந்தது, இங்கே நீடித்தது. அதற்காக இது நம் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட முடியாது. கணநாத் ஒபேசேகர 1985-ல் இதையே தலைகீழாகத் திருப்பினார். விந்திழப்பு நோயை ஒரு தெற்காசிய மருத்துவர் கேள்வித்தாளாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் எடை குறைந்தவர், சோர்ந்தவர், கனவு கண்டவர் எல்லாம் அகப்படுவார்கள். அதனால் அங்கே அந்நோய் இருப்பதாக ஆகிவிடுமா? அப்படியானால் மேற்கின் மனச்சோர்வை அதே விதமாக இலங்கையில் எண்ணுவது எந்த வகையில் சரி? இக்கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வந்ததாகத் தெரியவில்லை.

பெண்கள் பக்கம் இந்த அத்தியாயம் மெலிந்தே கிடக்கிறது. வெள்ளைப்படுதலும் உடல் அசதியும் என்று வரும் பெண்களை விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் ஆராய்ந்தபோது, பலரிடம் தொற்றைவிட மனச்சோர்வும் வீட்டு நெருக்கடியுமே அதிகத் தொடர்பு காட்டின. ஆணின் சுக்கிலக் கவலைக்கு ஒரு நோய்ப்பெயர் கிடைத்தது. பெண்ணின் கவலைக்கு மாத்திரைச் சீட்டு கிடைத்தது. விறைப்புக் குறைவில் பாதி விடுகதையை இன்று சர்க்கரை நோயும் ரத்த ஓட்டமும் அவிழ்த்துவிடுகின்றன. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு லாட்ஜுக்குப் போகிறவர் சர்க்கரையைப் பார்க்காமலே திரும்புகிறார்.

பட்டியலிலிருந்து வெளியேறியவைதான் இந்தப் பகுதியின் பெரும் கதை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு உறுப்பினர் வாக்கெடுப்பில் 5,854 பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள். 3,810 பேர் எதிர்த்தார்கள். ஓட்டுப் போட்டு நோயைத் தீர்மானிக்கலாமா என்ற ஏளனம் இன்றும் கேட்கிறது. ஓட்டுப் போடாமலே அதை நோயாக்கியது எந்தச் சான்றால் என்று திருப்பிக் கேட்கலாம். பெங்களூரில் பிறந்த கணித மேதை சகுந்தலா தேவி 1977-லேயே ஒருபாலீர்ப்பாளர்களைப் பற்றி அனுதாபத்தோடு ஒரு நூல் எழுதினார் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் ஒருபாலீர்ப்பைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தளர்த்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'குணப்படுத்தும்' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதற்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து விளக்கம் கேட்டுக்கொண்டதைப் பதிவும் செய்தார்.

அதே ஐ.சி.டி-11, கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை நோயாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அடிமைத்தனத்தின் கீழ் அல்ல, உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் கீழ். தன் ஆசையைத் தானே பாவமென்று நினைத்து வருந்துவது மட்டும் நோயறிதலுக்குப் போதாது என்று அது எச்சரிக்கையும் செய்கிறது. லாட்ஜ் மருத்துவரின் தொழில் முழுவதும் நிற்பது அந்த 'மட்டும்' என்ற சொல்லின்மேல்தான்.

தீராமல் நிற்பவை

மூன்று வழக்குகளுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முயல்வது வீண் என்றே படுகிறது. மனச்சிதைவில் ஏதோ ஓர் இயக்கம் பழுதாகிறது என்பதில் ஐயம் குறைவு, ஆனால் அது ஒரே நோயா, பல நோய்களுக்கு ஒரே பெயரா என்பது திறந்தே இருக்கிறது. அடிமைத்தனத்தில் பழுது, பழக்கம், விற்பனை மூன்றின் பங்கையும் பிரித்துச் சொல்லும் கருவி இன்னும் இல்லை. பாலியலில், பட்டியலில் மீதமிருப்பவற்றில் எவை அடுத்த தலைமுறையில் வெளியேறும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

இவற்றைவிட எனக்கு அவசரமாகத் தோன்றும் கேள்வி ஹெப்பகோடி போன்ற ஊர்களிலிருந்து வருகிறது. இந்திய நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்ற கருத்தின் மையத்தில் குடும்பம் இருந்தது. 1950-களில் அமிர்தசரஸில் வித்யாசாகர் நோயாளிகளோடு உறவினரையும் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூரும் நிம்ஹான்ஸும் அந்த வழியில் குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தன. பல்லாரியில் 1980-களில் சோதித்துப் பார்த்து, 1996-ல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டமும் வீட்டில் ஒருவர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது. பொம்மசந்திரா ஆலைக்குத் தர்மபுரியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, ஷிப்டுக்கு ஷிப்ட் பாய் மாறும் ஓர் அறையில் நான்கு பேரோடு தங்குபவருக்குக் குரல் கேட்கத் தொடங்கினால் அந்த 'ஒருவர்' யார்? குடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த அறைதான். கை நடுங்கும்போது தண்ணீர் கொடுப்பதும் அந்த அறைதான். அறைத்தோழனைக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு தேற்றத்தை அளந்தால் ஆக்ராவிலும் சண்டிகரிலும் கிடைத்த விடைதான் கிடைக்குமா?

2017-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. நோயாளி தானே எழுதி வைத்த பிரதிநிதி, இல்லையென்றால் உறவினர், அவரும் இல்லையென்றால் பார்த்துக்கொள்பவர், அவரும் இல்லையென்றால் மனநல வாரியம் நியமிக்கும் ஒருவர். அப்படியும் யாரும் கிடைக்காவிட்டால், அந்த இடத்தில் வந்து உட்கார வேண்டியவர் சமூக நலத்துறை இயக்குநர்.